பிளாக்கேய்ஸ் ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதத் தொடங்குபவருக்கு

"அட்மாஸ்பெரிக்" என்ற சொல்லை ஒருமுறைகூட எழுதாமல் ஓர் அட்மாஸ்பெரிக் பிளாக் மெட்டல் ஆல்பத்தைப் பற்றி 500 சொல் எழுதிப் பாருங்கள். புதிதாக எழுத வருபவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பிளாக் மெட்டல் என்பது அலறும் குரலும் வேக டிரம்ஸும் கரகரக்கும் கிதாரும் கொண்ட கடும் ராக் இசை. அதோடு கனவு போன்ற மிருதுவான கிதார் ஒலி கலந்தது பிளாக்கேய்ஸ். (தமிழாக்கிவிடலாம் என்று "வளிமண்டலக் கறுப்பு உலோகம்" என எழுதினால் கொல்லன் பட்டறைச் சமாசாரம் ஆகிவிடும். வகைகளின் பெயரை அப்படியே விடுவதே மேல்.) "அட்மாஸ்பெரிக்" என்ற சொல் குறிப்பது கேட்பவருக்குள் நடந்து முடிந்த ஒரு விளைவை. அதை உண்டாக்கியது எது? ஒரே ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு) எத்தனை சுற்று வருகிறது, ரிவெர்ப் (ஓசை நின்ற பின்னும் கரைந்து அடங்கும் எதிரொலி) எவ்வளவு நேரம் வால் பிடித்து நிற்கிறது, குரல் கிதாருக்கு முன்னால் நிற்கிறதா பின்னால் புதைந்திருக்கிறதா, டிரம்ஸ் எந்த நிமிடத்தில் இறங்குகிறது? இவற்றை எழுதினால் வாசகர் தனக்கு இது வேண்டுமா வேண்டாமா என்று தானே முடிவு செய்துகொள்வார். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு தமிழில் இதைச் செய்ய என்ன தேவை, எங்கே சறுக்கும் என்பது கீழே.

காதைப் பழக்குவது

ஒரு புதிய ஆல்பத்தை எடுப்பதற்கு முன் இரண்டு, மூன்று வாரம் பழையவற்றைக் கேளுங்கள். இல்லையென்றால் முப்பது வருடமாக எல்லோரும் செய்கிற ஒன்றைப் "புதுமை" என்று எழுதிவிடுவீர்கள்.

நார்வேயில் இருந்து தொடங்கலாம். டார்க்த்ரோனின் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' (1994): மெலிந்த, சொரசொரப்பான ஒலி, கிட்டத்தட்ட மாறாத டிரம்ஸ், சுற்றிச் சுற்றி வரும் கிதார். திரும்பத் திரும்ப வருவதுதான் இங்கே இசையின் முறை என்று அதில் புரியும். அடுத்து உல்வரின் 'பெர்க்டாட்' (1995). அலறலுக்குப் பக்கத்திலேயே தெளிவான பாட்டும் அக்குஸ்டிக் கிதாரும் உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவுக்கு வந்தால் அகல்லாக்கின் 'தி மேன்ட்டில்' (2002), வுல்வ்ஸ் இன் தி த்ரோன் ரூமின் 'டூ ஹன்டர்ஸ்' (2007), பனாப்டிகானின் 'கென்டக்கி' (2012). கடைசியாகச் சொன்னதில் பாஞ்சோவும் பிடிலும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டமும் வருகின்றன. இந்த வகை என்றாலே பனிக்காடுதான் என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அது நல்ல மருந்து.

பிளாக்கேய்ஸின் இன்னொரு தாய்வீடு ஷூகேய்ஸ். காலடியில் கிடக்கும் எஃபெக்ட் பெடல்களைக் குனிந்து பார்த்தபடியே வாசித்த 1990களின் கிதார் குழுக்களுக்கு வந்த பெயர் அது. மை ப்ளடி வாலன்டைனின் 'லவ்லெஸ்' (1991), ஸ்லோடைவின் 'சூவ்லாக்கி' (1993) இரண்டும் போதும். பிறகு பிரான்ஸின் அல்செஸ்ட் வெளியிட்ட 'சூவனீர் தன் ஓத்ர் மோந்த்' (2007), சான் பிரான்சிஸ்கோவின் டெஃப்ஹெவன் வெளியிட்ட 'சன்பேதர்' (2013). இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் கேளுங்கள். அல்செஸ்டில் பாட்டு மிருதுவாக இருக்கும். டெஃப்ஹெவனில் கிதார் கனவு மாதிரி ஒளிரும், அதன் மேல் குரல் அலறிக்கொண்டே இருக்கும். 'பிளாக்கேய்ஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது.

"இது உண்மையில் பிளாக் மெட்டலா?" என்ற சண்டையில் ஒரு வரிக்கு மேல் செலவழிக்காதீர்கள். அல்செஸ்ட் 2014இல் 'ஷெல்டர்' ஆல்பத்தில் மெட்டலை விட்டே வெளியே போனது, 2016இல் 'கோடமா'வில் திரும்பி வந்தது. டெஃப்ஹெவன் 2021இல் 'இன்ஃபினிட் கிரானைட்' ஆல்பத்தில் பெரும்பாலும் அலறலை விட்டது, 2025இல் 'லோன்லி பீப்பிள் வித் பவர்' ஆல்பத்தில் மீண்டும் அலறியது. வேலியை அவர்களே தாண்டித் தாண்டி விளையாடும்போது நீங்கள் காவல் நிற்பதில் பிரயோஜனம் இல்லை.

ஆல்பத்தைக் கையில் எடுப்பது

புதிய ஆல்பங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும். இந்த வகையில் ஒற்றை ஆள் வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்கிற திட்டங்கள் ஏராளம், அவர்களில் மிகப் பலர் பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில்தான் இருக்கிறார்கள். அங்கே வாங்கினால் எம்பி3, ஃப்ளாக் (தரம் குறையாத பெரிய கோப்பு) என்று வேண்டிய வடிவத்தில் இறக்கிக்கொள்ளலாம். வாங்காமல் கேட்டால் சில தடவைக்குப் பிறகு பெட்டி ஒன்று எழுந்து வாங்கச் சொல்லும். ஐந்து தடவை கேட்க வேண்டியவருக்கு அது தடை. பணம் கட்டும்போது கார்டு மறுக்கப்பட்டால், பெரும்பாலும் கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனை அணைந்திருப்பதுதான் காரணம். வங்கிச் செயலியில் அதை இயக்கி, ஒரு சிறு வரம்பு வைத்து, வேலை முடிந்ததும் மறுபடி அணைத்துவிடுங்கள்.

வெளியீட்டுக்கு முன்பே விமர்சகருக்குக் கிடைக்கும் பிரதியை 'புரமோ' என்பார்கள். முதல் மாதமே அதைக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய ஐந்தாறு ஆல்பங்களுக்கு எழுதிவிட்டு, அவற்றின் இணைப்போடு கேளுங்கள். தமிழில்தான் எழுதுகிறீர்கள் என்பதையும், இரண்டு வரியில் ஆங்கிலச் சுருக்கம் தருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பெரிய லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) பதில் போடாமல் போகலாம். ஒற்றை ஆள் திட்டக்காரர் மறுநாளே போடுவார். புரமோவோடு 'எம்பார்கோ' தேதி ஒன்று வரும், அதற்கு முன் வெளியிடக் கூடாது. கோப்பை யாருக்கும் கொடுக்கவும் கூடாது. ஒவ்வொரு பிரதியிலும் யாருக்குப் போனது என்ற கண்ணுக்குத் தெரியாத அடையாளம் இருக்கக்கூடும்.

எதில், எங்கே கேட்பது

போன் ஸ்பீக்கரில் கேட்டு எழுதப்பட்ட விமர்சனத்தைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். "பேஸ் கிதாரே இல்லை" என்று அதில் இருக்கும். போன் ஸ்பீக்கர் கீழ் ஸ்வரங்களைத் தருவதே இல்லை. பேஸ், கிக் டிரம் (காலால் அடிப்பது) இரண்டின் அடிப்பாகமும் அதில் காணாமல் போகும். வயர் உள்ள ஹெட்போன் ஒன்று போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் தவிருங்கள். அது எல்லா ஆல்பத்தையும் ஒரே குளத்தில் முக்கி எடுக்கும். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி மறுபடியும் சுருக்கப்படுகிறது. இந்த இசையில் சிம்பலும் (டிரம்ஸின் உலோகத் தட்டு) டிஸ்டார்ஷன் கிதாரும் (ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்கியது) மேல் அலைவரிசையில் ஓயாமல் இரைவதால், அந்தச் சுருக்கம் முதலில் தின்பது அந்தப் பகுதியைத்தான். சிம்பல் "ஷ்ஷ்" என்பதற்குப் பதில் தண்ணீருக்குள் ஆட்டியது போல் "ஷ்வ்ஷ்வ்" என்று கேட்டால், குற்றம் டிரம்மருடையதா உங்கள் கருவியுடையதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

செயலியின் அமைப்புகளில் நான்கைச் சரிபார்க்க வேண்டும். ஈக்வலைசர் அணைந்திருக்க வேண்டும். ஷஃபிள் கூடாது. கிராஸ்ஃபேட் (ஒரு பாடலின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) கூடாது, ஏனென்றால் ஒரு பாடலின் முடிவில் வேண்டுமென்றே வைத்த மௌனத்தை அது விழுங்கிவிடும். நான்காவது, ஒலியளவைச் சமப்படுத்தும் 'நார்மலைசேஷன்'. எல்லாப் பாடல்களையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவருவதற்காக உள்ள வசதி இது. ஒவ்வொரு பாடலுக்கும் தனித்தனியாக வேலை செய்தால், இரண்டு நிமிட அக்குஸ்டிக் முன்னுரையும் அடுத்து வரும் பத்து நிமிடப் புயலும் ஒரே உயரத்தில் நிற்கும். இசைக்குழு கட்டிய படியையே அது இடித்துவிடுகிறது.

கோப்பை இறக்கி வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒரு மணி நேர ஆல்பம் 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் சுமார் 144 எம்பி. ஃப்ளாக் என்றால் அதைப்போல் மூன்று மடங்கு வரலாம். கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் மலையடிவாரத்தில் இருப்பவர் நேரடி ஸ்ட்ரீமிங்கை நம்பவே கூடாது. சிக்னல் தொய்ந்ததும் செயலி சத்தமில்லாமல் தரத்தைக் குறைத்துவிடும். நீங்களோ "நான்காவது பாடலில் கலவை மங்கிவிடுகிறது" என்று நோட்டில் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

இனி மழை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் உண்டு, ஆகவே இது வருடத்தில் பல மாதத்துப் பிரச்சினை. தகர ஷீட்டில் விழும் மழையின் ஓசை மேலிருந்து கீழ்வரை எல்லா அலைவரிசையிலும் பரவும் இரைச்சல். டிஸ்டார்ஷன் கிதாரும் சிம்பலும் அதே இடத்தில்தான் குடியிருக்கின்றன. ஓர் இரைச்சல் இன்னொன்றை மூடிவிடும். கேட்பவர் தன்னையறியாமல் வால்யூமைக் கூட்டுவார், காது களைக்கும், ஆல்பம் "சற்று அலுப்பூட்டுகிறது" என்று ஆகிவிடும். மழையோடு சேர்ந்து கேட்பது சுகம்தான், யார் இல்லை என்றது. அது கேட்பதற்கு, விமர்சனத்துக்கு அல்ல. கான்கிரீட் கூரை உள்ள அறை, சன்னல் சாத்தியது, மின்விசிறி குறைந்த வேகத்தில். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆடிக் காற்றுக் காலத்தில் இரவு பத்துக்கு மேல் அல்லது விடியற்காலை பாருங்கள். கோயில் கொடையோ பங்குத் திருவிழாவோ நடக்கும் நாட்களில் குழாய் ஸ்பீக்கரோடு போட்டி போட வேண்டாம், நோட்டை மூடி வைத்துவிட்டு விழாவுக்குப் போங்கள்.

வால்யூம் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு கைவசம் இருக்கட்டும்: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகிறது. ஹெட்போனைக் கழற்றியதும் காதில் 'ஙொய்ங்' என்று கேட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஐந்து தடவை

ஒரு ஆல்பத்துக்கு ஐந்து முறை, குறைந்தது நான்கு நாட்களுக்குப் பரப்பி. ஒரே நாளில் ஐந்தும் கேட்டால் பழக்கம்தான் வரும், தீர்ப்பு வராது.

முதல் முறை நோட்டு இல்லை, போன் இல்லை, அட்டைப்படமும் செய்திக்குறிப்பும் பார்க்க வேண்டாம். லேபிள் அனுப்பும் செய்திக்குறிப்பில் "பிரபஞ்சத் தனிமையின் பயணம்" என்று இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கேட்டால் உங்களுக்கும் அதுவே கேட்கும். முடிந்தபின் எந்த இரண்டு இடம் நினைவில் நிற்கிறதோ அதை மட்டும் எழுதி வையுங்கள்.

இரண்டாவது முறைதான் உழைப்பு. நிமிடக் குறிப்பு எடுக்க வேண்டும். ஒவ்வொரு குறிப்பிலும் நான்கு விஷயம்: நேரம், எந்தக் கருவி, என்ன மாறியது, அதனால் என்ன ஆனது. "4:10 – டிரம்ஸ் – பிளாஸ்டில் இருந்து பாதி வேகம், கிதார் மாறவில்லை – பாட்டு அகலமாகிறது." (பிளாஸ்ட் என்பது மிக வேகமான டிரம்ஸ் அடி, கீழே வரும்.) இப்படிப் பாடலுக்கு ஐந்து முதல் எட்டுக் குறிப்பு போதும். இருபது எடுத்தால் கேட்பதை விட்டுவிட்டுக் கணக்கெழுதுகிறீர்கள் என்று பொருள்.

மூன்றாவது முறை கடைசிப் பாடலில் இருந்து தொடங்குங்கள். காரணம் உண்டு. நாற்பது நிமிடம் உரத்த இரைச்சலுக்குப் பிறகு காது மேல் அலைவரிசைகளுக்குத் தற்காலிகமாக மந்தமாகிவிடும். எந்த ஆல்பமாக இருந்தாலும் பின்பாதி மங்கலாகக் கேட்கும். "இரண்டாம் பாதி தொய்வு" என்று இந்த வகை ஆல்பங்களுக்கு எழுதப்படும் தீர்ப்புகளில் எத்தனை காதின் களைப்பு என்பது சந்தேகத்துக்குரியது.

நான்காவது, பாடல் வரிகளோடு. ஐந்தாவது, மிகக் குறைந்த வால்யூமில். சத்தம் குறைந்ததும் வெறும் கனத்தால் நின்றவை விழுந்துவிடும், மெட்டு உள்ளவை நிற்கும். இந்த ஒரு சோதனைக்கு மட்டும் பேருந்துப் பயணமும் உதவும்.

எதைக் கேட்பது

கிதாரில் முதலில் பிடிபட வேண்டியது ட்ரெமலோ பிக்கிங். ஒரு ஸ்வரத்தை மேலும் கீழுமாக மிக வேகமாக மீட்டிக்கொண்டே இருப்பதால் தனித்தனி அடிகள் கரைந்து ஒரே கோடாகக் கேட்கும். அந்தக் கோடு மைனர் கார்டுகளில் நகர்கிறதா மேஜரிலா? பழைய நார்வே ஒலி மைனரிலும் உராயும் ஸ்வரங்களிலும் நின்றது. பிளாக்கேய்ஸ் மேஜர் பக்கம் சாய்ந்ததால்தான் அலறலுக்கு அடியில் ஒரு வெளிச்சம் வந்தது. சங்கீதம் படிக்காதவரும் இதைக் கண்டுபிடிக்கலாம்: அலறலை மனதால் நீக்கிவிட்டு கிதாரை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். பிரியாவிடை போல வருகிறதா, விடியல் போல வருகிறதா? மாவட்டத்தில் சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோவோ டெனரோ பாடிப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். அடுக்கடுக்காக ஒலிக்கும் குரல்களில் ஒன்றை மட்டும் பின்தொடரும் காது அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

ரிவெர்பையும் டிலேயையும் குழப்பாதீர்கள். பெரிய கோயில் மண்டபத்தில் கைதட்டினால் ஓசை கரைந்து கரைந்து அடங்குவது ரிவெர்ப். மலைக்கு எதிரே கூப்பிட்டால் அதே சொல் திரும்பி வருவது டிலே. ஷூகேய்ஸ் வழி வந்தவர்கள் இரண்டையும் தாராளமாக ஊற்றுவார்கள். ஊற்றியது எங்கே தப்பாகும்? கார்டு மாறிய பிறகும் பழைய கார்டின் வால் நின்றுகொண்டிருந்தால் இரண்டும் மோதிச் சேறாகிவிடும். அந்தச் சேறு ஓரிடத்தில் மட்டும் வந்தால் அது இசைக்குழு வேண்டுமென்றே எடுத்த முடிவு, ஆல்பம் முழுக்க இருந்தால் குறை.

டிரம்ஸில் பிளாஸ்ட் பீட். கிக்கும் ஸ்னேரும் (குச்சியால் அடிக்கும் சிறு டிரம்) மாறி மாறியோ சேர்ந்தோ மிக வேகமாக விழும். வேகமான பிளாஸ்டில் ஸ்னேர் மட்டுமே நொடிக்கு ஆறேழு தடவை விழும். ஆனால் "அசுர வேக டிரம்ஸ்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இந்த வகையில் வேகம் ஒரு தரை, அதன் மேல் கிதார் மெதுவாக நகரும். ஆரல்வாய்மொழி தாண்டும் பேருந்தில் சன்னலோரம் இருந்தால் பக்கத்துப் பனைகள் பறக்கும், மலை அப்படியே நிற்கும். நல்ல அட்மாஸ்பெரிக் பிளாக் மெட்டலின் வடிவம் அதுதான். (சொல்லிவிட்டோம் அந்தச் சொல்லை. வகையின் பெயராக மட்டும் அனுமதி.) ஒற்றை ஆள் திட்டங்களில் டிரம்ஸ் பெரும்பாலும் கணினியில் செய்தது. ஸ்னேரின் ஒவ்வோர் அடியும் அச்சடித்தது போல் ஒரே பலத்தில் விழுந்தால் சந்தேகப்படலாம், ஆனாலும் மனித டிரம்மரின் ஒலியையே மாதிரி ஒலியால் மாற்றும் வழக்கமும் உண்டு. ஆகவே "கணினி டிரம்ஸ்" என்று அடித்துச் சொல்லும் முன் ஆல்பத்தின் விவரப் பட்டியலைப் பாருங்கள்.

குரல். டெத் மெட்டலின் அடிவயிற்று உறுமல் வேறு, பிளாக் மெட்டலின் தொண்டை கிழியும் அலறல் வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடாதீர்கள். அலறலின் சக்தியும் கிதார் டிஸ்டார்ஷனின் சக்தியும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் இருப்பதால், கலவை செய்பவர் இடம் ஒதுக்காவிட்டால் குரல் தானாகவே கிதாருக்குள் மூழ்கும். பிளாக்கேய்ஸில் பலர் வேண்டுமென்றே மூழ்கடிக்கிறார்கள், குரலும் இன்னொரு கருவிதான் என்று. வரிகள் புரியாததைக் குறையாக எழுத வேண்டாம். எப்போது குரல் முன்னால் வருகிறது, எதற்காக வருகிறது என்று எழுதுங்கள்.

மழை, காற்று, தீ முறியும் ஓசை, காகம் என்று இயற்கைப் பதிவுகளோடு தொடங்கும் ஆல்பங்கள் ஏராளம். இங்கே குமரி மாவட்டத்துக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. தூறல், சாரல், அடைமழை என்று பிரித்துச் சொல்லவும், ஓலையில் விழுவதும் ரப்பர் இலையில் விழுவதும் வேறு என்று கேட்டுச் சொல்லவும் தெரிந்த காது. "மழை ஓசையுடன் தொடங்குகிறது" என்பதற்குப் பதில் "இலைகளின் மேல் சொட்டும், விட்டுவிட்டுக் கேட்கும் மழை, நாற்பது நொடி, அதன் அடியில் கிதார் மெல்ல எழுகிறது" என்று எழுதலாம். அந்த ஓசை பாடலுக்குள் ஏதாவது செய்கிறதா, வாசலில் தொங்கும் தோரணமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பதிவின் தரத்தில்தான் புதியவர் அதிகம் தவறுகிறார். கரகரப்பு தானாகவே குறை அல்ல. 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' நான்கே தடம் கொண்ட எளிய பதிவுக் கருவியில் பதிவானது, அந்த ஒல்லியான ஒலியே அதன் பலம். மறுபக்கம், பளபளப்பான தயாரிப்பு தானாகவே நிறையும் அல்ல. பிளாக்கேய்ஸின் உயிர் மெல்லியதற்கும் உரத்ததற்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) எல்லாவற்றையும் உச்சத்துக்குத் தள்ளியிருந்தால் அந்தப் படி தட்டையாகிவிடும். சோதிப்பது சுலபம்: ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் கோப்பைத் திறந்து அலைவடிவத்தைப் பாருங்கள். மேடும் பள்ளமும் தெரிந்தால் நல்லது. முதலில் இருந்து முடிவுவரை செங்கல் அடுக்கியது போல் இருந்தால் உங்கள் காது சொன்னது சரி. வியூ மெனுவில் கிளிப்பிங் காட்டும் வசதியை இயக்கினால் வெட்டுப்பட்ட இடங்கள் சிவப்பாகத் தெரியும். ஆனால் படம் பார்த்து மட்டும் குறை சொல்லக் கூடாது. முதலில் காதில் உறுத்த வேண்டும், பிறகே படம் சாட்சி.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து நிமிடப் பாடலை "இழுவை" என்று எழுத எல்லோராலும் முடியும். கொடையில் இரவெல்லாம் உட்கார்ந்து வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும்: திரும்பத் திரும்ப வரும் அடிகள், பக்கப்பாட்டுக்காரரின் ஆமாம், குடமும் உடுக்கையும் மெல்ல மெல்ல வேகம் பிடிப்பது, கடைசியில் ஒரு முடுக்கு. அந்த முடுக்குக்கு முந்தைய ஒரு மணி நேரம் தேவைப்பட்டது. நீண்ட பாடலிலும் இதையே கேளுங்கள்: எட்டாவது நிமிடத்தில் வருவது முதல் ஏழு நிமிடம் இல்லாமலும் அதே வேலையைச் செய்யுமா? செய்யும் என்றால்தான் இழுவை.

யார், என்ன பேசுகிறார்கள்

இதைத் தவிர்க்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் நார்வே பிளாக் மெட்டல் வட்டத்தினர் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள், 1992இல் எரிந்த ஃபான்டோஃப்ட் மரத் தேவாலயம் அதில் பெயர்போனது. மேஹெம் குழுவின் யூரோனிமஸ் 1993இல் கொல்லப்பட்டார். பர்ஸம் என்ற ஒற்றை ஆள் திட்டத்தின் வர்க் விகெர்னெஸ் அந்தக் கொலைக்கும் சில தேவாலயத் தீவைப்புகளுக்கும் 1994இல் 21 ஆண்டு தண்டனை பெற்றார். சர்ச்சுக்குப் போகும் வீடுகள் நிறைந்த மாவட்டத்தில் வாசகர் இதைக் கேட்பார், கேட்க வேண்டும். மழுப்பாமல் சொல்லுங்கள். கூடவே, இன்றைய பிளாக்கேய்ஸின் வரிகள் பெரும்பாலும் நினைவு, இழப்பு, பால்யம், மனச்சோர்வு ஆகியவற்றைச் சுற்றியே இருக்கின்றன என்பதையும் சொல்லுங்கள். அல்செஸ்டை நிறுவிய நேஜ், சிறுவயதில் தனக்குத் தோன்றிய வேறோர் உலகின் காட்சிகளில் இருந்தே அந்த இசையைத் தொடங்கினார்.

மதத்தை எதிர்ப்பது ஒன்று, நாஜிக் கொள்கையைப் பரப்புவது வேறொன்று. இந்த வகையின் ஓரத்தில் இரண்டாவது கூட்டமும் உண்டு. விமர்சனம் எழுதும் முன் அரை மணி நேரம் செலவழித்து உறுப்பினர்களின் வேறு குழுக்கள், லேபிளின் மற்ற வெளியீடுகள், நன்றிப் பட்டியல் மூன்றையும் பாருங்கள். மெட்டல் ஆர்க்கைவ்ஸ் தளத்தில் முதல் இரண்டும் கிடைக்கும். சந்தேகம் மட்டும் இருந்தால் அந்த ஆல்பத்தை விட்டுவிடுங்கள், எழுத ஆயிரம் ஆல்பம் இருக்கிறது. குற்றச்சாட்டாக எழுதுவதென்றால் ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

பிரெஞ்சு, நார்வேஜியன், உக்ரேனிய வரிகளை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு மேற்கோள் காட்டாதீர்கள். பழைய சொற்களையும் கவிதையையும் அது தலைகீழாக்கும். "வரிகள் உக்ரேனிய மொழியில்" என்று எழுதி நிறுத்துவது கௌரவம்.

எழுதுவது

450 முதல் 600 சொல். முதல் பத்தியில் குழு, ஊர், ஆல்பம், நீளம், எத்தனை பாடல், இது எத்தனையாவது ஆல்பம் எல்லாம் வந்துவிட வேண்டும், ஆனால் விலாசம் எழுதுவது போல் வேண்டாம். குழுவின் வரலாறு மூன்று வரிக்கு மேல் போனால் உங்களுக்கு ஆல்பத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை என்று வாசகர் நினைப்பார், பெரும்பாலும் சரியாகவே நினைப்பார். எல்லாப் பாடலையும் வரிசையாக விவரிக்காதீர்கள். இரண்டு பாடலை ஆழமாக எடுங்கள், ஒன்று வென்ற இடம், ஒன்று தோற்ற இடம்.

உணர்ச்சிச் சொல் ஒன்று எழுதினால் அதே பத்தியில் அதற்கு ஒரு நிமிடக் குறிப்பு இருக்க வேண்டும். இந்த ஒரு விதி பாதி நோயைத் தீர்க்கும். "இந்த ஆல்பம் நம்மை வேறொரு உலகத்துக்கு அழைத்துச் செல்கிறது" என்பதை எந்த ஆல்பத்துக்கும் போடலாம், கல்யாணப் பந்தலுக்கும் போடலாம். "மூன்றாம் பாடலில் 6:30க்கு எல்லாம் நின்று ஒற்றைக் கிதார் மட்டும் மிஞ்சுகிறது. அலறல் திரும்பும்போது அதே மெட்டின் மேல் திரும்புகிறது, ஆனால் இப்போது அது கோபமாக இல்லை" என்பது ஒரே ஆல்பத்துக்குத்தான் பொருந்தும்.

பனியைப் பார்க்காதவர் "உறைபனி படர்ந்த கானகத்தில்" என்று எழுதக் கூடாது. ஆங்கில விமர்சனங்களில் தேய்ந்துபோன படம் அது, தமிழுக்கு வரும்போது காலண்டர் படமாகிவிடுகிறது. பதிலுக்கு முட்டத்துப் பாறை, கடல் என்று உள்ளூரை அள்ளிப் போடுவதும் அதே தவறுதான். உள்ளூர் உவமை விமர்சனத்துக்கு ஒன்று, அதுவும் ஒலியின் இயக்கத்தை விளக்கினால் மட்டும். அதே சமயம் நம்மூர்ச் சொற்களை விடாதீர்கள். "வெப்ராளம்" என்று ஒன்று இருக்கிறதே, துக்கமும் பதற்றமும் நெஞ்சடைப்பும் சேர்ந்தது. இந்த இசைக்கென்றே செய்து வைத்த மாதிரி. மாவட்டத்துக்கு வெளியே உள்ளவருக்கும் இடத்தால் புரியும்படி வையுங்கள், வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். இரைச்சல், கீச்சு, முழக்கம், ஓலம், ரீங்காரம், முனகல், அதிர்வு என ஓசைக்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றும் வேறு ஓசை. எது எதற்கு என்று உங்களுக்குள் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு மாறாமல் பயன்படுத்துங்கள்.

ஒப்பீட்டுக்கு இரண்டு குழு போதும், என்ன விஷயத்தில் ஒப்பு என்பதும் தேவை. "அல்செஸ்ட் மாதிரி" போதாது. "அல்செஸ்டின் முதல் ஆல்பத்தைப் போல் குரல் கிதாரோடு ஒரே உயரத்தில்" என்றால் சரி. பெயர்களின் தமிழ் எழுத்துக்கூட்டல் ஒரு கட்டுரைக்கு ஒன்றாக இருக்கட்டும். முதல் பத்தியில் டெஃப்ஹெவன், நான்காவதில் டெஃப்ஹேவன் என்றால் தேடுபவர் தொலைந்துபோவார்.

எழுதி முடித்து ஒரு இரவு ஆறப்போடுங்கள். காலையில் குறிப்பிட்ட ஒவ்வொரு நிமிடத்தையும் கோப்பில் போய்ச் சரிபாருங்கள். ஸ்ட்ரீமிங் பிரதிக்கும் இறக்கிய பிரதிக்கும் ஓரிரு நொடி மாறலாம், ஒரு நிமிடம் மாறினால் நீங்கள் தவறாக எழுதியிருக்கிறீர்கள்.

மதிப்பெண் போடுவதென்றால் பத்துக்கு, அரை எண் வரைக்கும். 7.8க்கும் 7.9க்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியாது. முதல் பத்து விமர்சனத்துக்கு எண் போடாமல் இருப்பது நல்லது, அளவுகோல் உங்களுக்குள் இன்னும் உருவாகியிருக்காது, எல்லாம் 8 ஆகிவிடும். இலவசப் பிரதி என்றால் அடியில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஆல்பத்தை ஒருமுறை திரும்பக் கேட்டு, கருத்து மாறியிருந்தால் தேதி போட்டுக் கீழே இரண்டு வரி சேருங்கள். மேலே உள்ளதைத் திருத்தாதீர்கள்.